வேலைக்குச் சாட்சி யார்?

1

நீதிமன்றத்தில் உடலுக்குச் சாட்சி உண்டு. எலும்பு எங்கே முறிந்தது, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவர் கூண்டேறிச் சொல்கிறார். வருமானத்துக்கும் சாட்சி உண்டு: சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, முதலாளி. வேலைக்கு? அந்தக் கையை வைத்துக்கொண்டு அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார், இனி எதைச் செய்ய முடியாது என்று சொல்ல யார் வருகிறார்கள்? அமெரிக்காவில் இதற்கென்றே ‘தொழில் வல்லுநர்’ என்றொரு சாட்சி இருக்கிறார். இங்கே அந்த இடம் காலி. அது எப்படிக் காலியானது, அங்கே யாரை நிறுத்துவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கொல்லிமலையிலிருந்து இதைக் கேட்கிறேன். அங்கே நடக்கும் வேலைகள் எந்தப் பட்டியலிலும் சரியாக உட்காராதவை.

2

உறுப்புக்கு விலைப்பட்டியல் போடுவது பழைய பழக்கம். 1678-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான எக்ஸ்கெமெலினின் நூல் கரீபியக் கடற்கொள்ளையரின் உடன்படிக்கை ஒன்றைத் தருகிறது. வலது கை போனால் 600 வெள்ளி அல்லது ஆறு அடிமைகள். இடது கைக்கு 500. வலது காலுக்கு 500. இடது காலுக்கு 400. ஒரு கண்ணுக்கு 100, ஒரு விரலுக்கும் அதே 100. கொடூரமான பட்டியல்தான். ஆனால் அதற்குள் ஒரு நியாயம் இருந்தது. கப்பலில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே வேலையைச் செய்தார்கள். அங்கே கையின் விலையும் வேலையின் விலையும் ஒன்று.

இந்தியாவில் 1855-ன் மரண விபத்துச் சட்டம், பெயர் சொல்வதுபோல, செத்தவர் குடும்பத்துக்கானது. 1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறை. முதலாளியின் தவறை நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கலாம் என்றாக்கியது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் அதன் முதல் அட்டவணையைப் பாருங்கள். முழங்கையோடு வலது கை போனால் 70 சதவீதச் சம்பாத்தியம் போனதாக அர்த்தம். இடது கைக்கு 60. கட்டைவிரலுக்கு 25. கொள்ளையரின் வலது இடது கணக்கு வெள்ளைக்காரனின் சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 1962-ல் அட்டவணையைத் திருத்தியபோது அந்த வித்தியாசம் போனது. கட்டைவிரல் 30 ஆனது. கால் பெருவிரலுக்கு 14. 2009-ல் சட்டத்தின் பெயர் மாறியது. 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு சட்டத்தையே உள்வாங்கிக்கொண்டது. அட்டவணை மட்டும் தொடர்கிறது.

கப்பல் போய்விட்டது, கப்பலின் தர்க்கம் மட்டும் தங்கிவிட்டது. ஆலைத் தொழிலாளி, சுரங்கக் கூலி, பனையேறி, தச்சர் என எல்லோருக்கும் ஒரே கட்டைவிரல். ஏகலைவன் கதையைக் கேட்டு வளர்ந்த நாட்டில், வல்வில் ஓரியின் கட்டைவிரல் போனாலும் இந்த அட்டவணைப்படி 30 சதவீதம்தான்.

3

கொல்லிமலையில் தை, மாசியில் மிளகு பறிப்பு. சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலில் கணுவை விட்டு வெட்டியெடுத்த ஏணியைச் சாத்தி, வெறுங்காலோடு ஏறுகிறார்கள். ஒரு கை மூங்கிலைப் பிடிக்கிறது, இன்னொரு கை சரத்தைக் கிள்ளித் தோளில் தொங்கும் பைக்குள் போடுகிறது. உடம்பின் பாரமெல்லாம் கணுவில் ஊன்றிய கால்விரல்களில் நிற்கிறது. பறிக்கிற ஒருவர் என்னிடம் சொன்னார்: “கையி புடிக்கறதுக்கு, காலு நிக்கறதுக்குங்க. பறிக்கறதெல்லாம் அப்பறந்தான்.” ஒரு தொழிலின் இலக்கணமே இந்த இரண்டு வரியில் இருக்கிறது. சட்டத்தின் கணக்கில் அந்தப் பெருவிரல் 14 சதவீதம். ஏணியில் நிற்க முடியாதவருக்கு மிச்சமுள்ள 86 சதவீதம் எங்கே இருக்கிறது?

இதற்கு மேல், சொந்தத் தோட்டத்து மரத்திலிருந்து விழுந்தவருக்கு முதலாளி இல்லை. இழப்பீடு கேட்க ஆளில்லை. மலையாளிப் பழங்குடிகளில் பலர் சிறு விவசாயிகள். அவர்கள் இழப்பீட்டு நீதிமன்றத்தைப் பார்ப்பது பெரும்பாலும் சாலை வழியாகத்தான். காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி கவிழ்ந்தால் வழக்கு மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்துக்குப் போகும். மனுவில் ‘தொழில்’ என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் ‘கூலி’ என்று எழுதுவார்கள். பெண்ணாயிருந்தால் ‘இல்லத்தரசி’. சாமைக்குக் களையெடுத்து, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி, விறகு சுமந்து, மிளகு காயப்போட்ட அத்தனை வேலையும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் காணாமல் போகும். 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 16 கோடிப் பெண்கள் வீட்டு வேலையே தங்கள் முக்கிய வேலை என்று சொல்லியிருந்ததை உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் எடுத்துக்காட்டி, அதற்கும் பணமதிப்பு உண்டு என்றது. நல்லது. ஆனால் வீட்டையும் காட்டையும் சேர்த்துச் சுமந்தவளின் வேலை அதிலும் பாதிதான் தெரிகிறது.

4

நீதிபதிகள் இதைக் காணாமல் இல்லை. 1968-ல் ஒரிசாவின் ஜெய்ப்பூரில் (Jeypore) ஒரு சினிமாக் கொட்டகையில் வேலை செய்த தச்சர் ஒருவர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே வெட்ட வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி பகுதி ஊனம். ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது என்ற காரணத்தால் இழப்பீட்டு ஆணையர் அதை முழு இழப்பு என்றார். உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் அதை ஏற்றது. 2010 அக்டோபரில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு இன்னும் தெளிவு. உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. மருத்துவர் முன்னதைப் பற்றி மட்டுமே பேசலாம், பின்னதைத் தீர்ப்பாயம்தான் முடிவுசெய்ய வேண்டும். இடது கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ ஏறத்தாழ எல்லாமே போகும், அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை போகாமலே இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு தரும் உதாரணம். 2014-ல் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு 85 சதவீத இழப்பு என்று அதே நீதிமன்றம் சொன்னது. காய்கறி விற்பவரிடம் வருமானத்துக்குக் காகிதம் கேட்கக் கூடாது என்றும் சொன்னது.

ஆனால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 1984-ல் செய்த திருத்தம் நேர் எதிர்த்திசையில் போனது. அட்டவணையில் இல்லாத காயமென்றால் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவரே மதிப்பிட வேண்டும், அட்டவணையையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஒரு சட்டத்தில் மருத்துவர் பேசக் கூடாத விஷயம், இன்னொரு சட்டத்தில் மருத்துவரே பேச வேண்டிய விஷயம். 1700-ல் இத்தாலிய மருத்துவர் ராமசினி, நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளோடு ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். நம் சட்டம் அந்தக் கேள்வியைச் சொல்லித்தராமல் பதிலை மட்டும் எழுதச் சொல்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தச்சர், ஓட்டுநர், காய்கறி வியாபாரி: இந்த மூன்று பேரின் வேலையையும் நீதிபதி தெருவில் பார்த்திருக்கிறார். அதனால் தனியாகச் சாட்சி தேவைப்படவில்லை. மிளகு ஏணியை அவர் எங்கே பார்த்தார்? சமவெளியின் பொது அறிவு முடிகிற இடத்தில்தான் மலையின் வழக்கு தொடங்குகிறது.

5

அப்படீன்னா அமெரிக்காவைப் போல வல்லுநரைக் கொண்டுவந்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அங்கே ஊனமுற்றோர் உதவித்தொகை வழக்கு ஒன்றில் 1960-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டது: இந்த மனிதரால் என்ன செய்ய முடியும், அப்படிப்பட்ட வேலை எங்கே இருக்கிறது? பதில் சொல்லத்தான் 1962 முதல் தொழில் வல்லுநர்கள் வந்தார்கள். தனியார் விபத்து வழக்குகளில் இரு தரப்பும் ஆளுக்கொருவரைக் காசு கொடுத்து அழைத்துவருவதும் வழக்கமானது. 1967-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்: அந்த வேலை பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, காலியிடம் இருக்க வேண்டியதில்லை, இவரை எடுப்பார்களா என்றும் பார்க்க வேண்டியதில்லை, நாட்டுப் பொருளாதாரத்தில் கணிசமாக இருந்தால் போதும். வல்லுநர்கள் கையில் வைத்திருந்த தொழில் அகராதி 1939-ல் பிறந்தது, 1991-க்குப் பிறகு திருத்தப்படவில்லை. தன் எண்ணிக்கைகளுக்கு அடிப்படையான தரவைக் காட்ட மறுத்த வல்லுநரின் சாட்சியத்தையும் நம்பலாம் என்று 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. 2024-ல்தான் கொட்டை பிரிப்பவர், முட்டை பதனிடுபவர் என்பது போன்ற 114 காலாவதி வேலைகளைப் பட்டியலிலிருந்து தள்ளினார்கள்.

வேலைக்குச் சாட்சியாக வந்தவர், இல்லாத வேலைக்குச் சாட்சியாக மாறிய கதை இது. நாளைக்கே இங்கே அப்படி ஒருவர் வந்தால் காப்பீட்டுக் கம்பெனியின் தரப்பில்தான் முதலில் வருவார். ‘மரம் ஏற முடியாவிட்டால் என்ன, நாமக்கல் கோழிப்பண்ணையில் உட்கார்ந்து முட்டை பிரிக்கலாமே’ என்பார். மலையை விட்டு இறங்கச் சொல்வதும் ஒரு வெளியேற்றம்தான் என்று அவருடைய அகராதியில் இருக்காது.

6

வல்லுநர் வேண்டும். ஆனால் யார் வல்லுநர்? 1872-ன் சாட்சியச் சட்டம் 45-ஆம் பிரிவில் அயல்நாட்டுச் சட்டம், அறிவியல், கலை முதலியவற்றில் தனித்தேர்ச்சி பெற்றவர் என்றது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள 2023-ன் சட்டம் 39-ஆம் பிரிவில் ‘அல்லது வேறெந்தத் துறையிலும்’ என்ற சொற்களைச் சேர்த்திருக்கிறது. பட்டம் வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. முப்பது வருஷம் மிளகு ஏணி ஏறியவர் அந்தத் துறையில் தேர்ச்சி பெற்றவர் இல்லையென்றால் வேறு யார்? பெருவிரல் இல்லாமல் கணுவில் நிற்க முடியுமா என்பதை எலும்பு மருத்துவரைவிட அவரால் நன்றாகச் சொல்ல முடியும். குறுக்கு விசாரணையிலும் தாக்குப்பிடிப்பார்.

சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மனு எழுதும் வழக்கறிஞரும், கூடப் போகும் சங்கத் தோழரும் முதலில் அந்தக் கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதுவதை நிறுத்தலாம். எந்த மரம், எவ்வளவு உயரம், எந்தக் கால், எந்தக் கை, எந்த மாதத்தில் எத்தனை நாள், மற்ற மாதங்களில் என்ன வேலை என்று ஒரு பக்கம் எழுதலாம். கூட ஏறியவரை, கூடக் களையெடுத்தவளைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்கலாம். எழுதத் தெரிந்த நமக்கும் இதில் வேலை இருக்கிறது. உழைப்பைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். வேலையை, அது நடக்கிற விதத்தில், விரல் விரலாக எழுதியது குறைவு. அந்தப் பக்கங்கள் இருந்திருந்தால் பல வழக்குகளில் மருத்துவரின் சதவீதம் கடைசிச் சொல்லாக இருந்திருக்காது.