படை ஆட்சேர்ப்பு: கொண்டச்சியும் மன்னார்க் கரையும்

1949 அக்டோபர் 10 அன்று உருவான இலங்கைத் தரைப்படையும் கடற்படை, வான்படை ஆகிய பிற இரு படைகளும், கட்டாயச் சேவையின்றி, விரும்பி வருவோரையே சேர்க்கின்றன. சிறுவர் உரிமைச் சாசனத்தின் விருப்ப நெறிமுறையை 2000இல் ஏற்றபோது படையில் சேர்வதற்கான குறைந்தபட்ச வயது 18 என அரசு உறுதியளித்தது. பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம அலுவலர் அளிக்கும் நற்சான்றிதழ் ஆகியவற்றோடு மருத்துவப் பரிசோதனையும் வேண்டப்படுகின்றன. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள், மன்னார்க் கரையில் கொண்டச்சி உள்ளிட்ட ஊர்களைக் கொண்ட முசலிப் பிரிவினரும் அடங்குவர். அவ்வாறு ஊரையும் உடைமையையும் இழந்தோருக்கு அப்பத்திரங்களைத் திரட்டுவதே பெருஞ்சுமையாகும். வன்னியில் 2006 முதல் புலிகள் வீட்டுக்கொருவரைக் கட்டாயமாகச் சேர்த்தமை, படை என்ற சொல்லுக்கே தாய்மாரை அஞ்சச் செய்தது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் 2012இல் கிளிநொச்சியில் தமிழ்ப் பெண்கள் தரைப்படையில் சேர்க்கப்பட்டனர். எனினும் முப்படைகளில் தமிழ் பேசுவோர் இன்றும் மிகச் சிலரே. தரைப்படையின் ஆளணியை 2030க்குள் 1,00,000ஆகக் குறைப்பதாக அரசு 2023 ஜனவரியில் அறிவித்தது.