ஜவளகிரிக் காட்டில் ஒரு வின்செஸ்டர்

அக்கவுண்ட்ஸ் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் துப்பாக்கி பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம் டெக்ஸ் வில்லர். லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. குதிரை, தொப்பி, கையில் ஒரு வின்செஸ்டர். விசைக்குக் கீழே இருக்கும் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். சின்ன வயதில் குடைக்கம்பியை வைத்துக்கொண்டு இதை நான் செய்து பார்க்காத நாளே கிடையாது.

அந்தத் துப்பாக்கியை வைத்து அமெரிக்காவில் இன்றும் ஒரு விளையாட்டு நடக்கிறது. கவ்பாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது. கலந்துகொள்கிறவர்கள் பழைய காலத்து உடை போட வேண்டும், ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொள்ள வேண்டும். (நம் பதிவர்கள் மாதிரியே!) இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைபிள், ஒரு ஷாட்கன் வைத்துக்கொண்டு இரும்புத் தட்டுகளைச் சுட வேண்டும். கடிகாரம் ஓடும். ஒரு தட்டைத் தவறவிட்டால் 5 வினாடி அபராதம்.

வினாடிக்கு மதிப்பு வந்துவிட்டால் மெக்கானிக்குக்கு வேலை வந்துவிடும் இல்லையா? 1873 மாடல் வின்செஸ்டரின் நகல்களை இத்தாலியில் செய்கிறார்கள். அதை வாங்கி, உள்ளே இருக்கும் இணைப்புத் துண்டுகளை மாற்றி, லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கிறார்கள். கடினமான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெல்லியதைப் போடுகிறார்கள். உரசும் இடங்களைத் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். இத்தனையும் செய்தபின் பத்துக் குண்டுகளை நாலைந்து வினாடிகளில் சுட்டுத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இதற்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. நிஜமான லீவர் வின்செஸ்டர் ஒன்று நம் பக்கத்துக் காடுகளில் பல வருடம் சுற்றியிருக்கிறது. வைத்திருந்தவர் கென்னத் ஆண்டர்சன்.

1910இல் பிறந்து 1974இல் இறந்த பெங்களூர்க்காரர். விமானத் தொழிற்சாலையில் வேலை. விடுமுறை கிடைத்தால் காடு. ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் என்று அவர் எழுதும் ஊர்ப் பெயர்கள் நமக்கு பஸ் போர்டில் பார்த்துப் பழகியவை. அவர் சுற்றிய நாட்களில் இவையெல்லாம் சேலம் மாவட்டம். தர்மபுரி மாவட்டம் பிறந்ததே 1965இல்தான். ஜவளகிரியும் அஞ்செட்டியும் 2004இல் கிருஷ்ணகிரியோடு போய்விட்டன.

அவர் கையில் இருந்தது 1895 மாடல் வின்செஸ்டர், .405 தோட்டா. டெக்ஸ் வில்லர் வைத்திருப்பதற்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. 1873 மாடலில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அதாவது, ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து இருப்பதும் அந்தப் பின்புறத்தில்தான். மூக்கு கூராக இருந்தால், சுடும்போது ஏற்படும் அதிர்வில் குத்தி வெடித்துவிடும் ஆபத்து. அதனால் மொட்டை மூக்குத் தோட்டாதான் போட முடியும்.

ஜான் பிரவுனிங் என்ற மேதை 1895 மாடலில் அந்தக் குழாயையே தூக்கிவிட்டார். தோட்டாக்களை ஒரு பெட்டியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். இப்போது கூர்மூக்கும் போடலாம், பலமான தோட்டாவும் போடலாம். என்னைக் கேட்டால் லீவர் ரைபிளுக்கு நடந்த உண்மையான அப்கிரேடு இதுதான். முதல் உலகப் போரில் ரஷ்யா இந்த மாடலை ஏறத்தாழ 3 லட்சம் வாங்கியது. .405 தோட்டா 1904இல் வந்தது. 300 கிரெய்ன் எடையுள்ள குண்டு (19 கிராமுக்குக் கொஞ்சம் மேலே), வினாடிக்குச் சுமார் 2,200 அடி வேகம். 1909இல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இதை ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போய், சிங்கத்துக்கு இதுதான் மருந்து என்று புகழ்ந்தார். வெள்ளைக்காரத் துரைமார்கள் வைத்திருந்த இரட்டைக்குழல் ரைபிள்களின் விலை மிக அதிகம், அதில் இரண்டே குண்டு. வின்செஸ்டர் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்தது, நாலைந்து குண்டு. பி.காம். மாணவனாக என் ஓட்டு வின்செஸ்டருக்கே :)

ஆண்டர்சன் தன் துப்பாக்கியில் செய்துகொண்ட மாற்றம் ரொம்ப எளியது. ஒரு டார்ச் லைட்டைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பொருத்திக்கொண்டார். ஆட்கொல்லி பெரும்பாலும் இருட்டில்தான் இரைக்குத் திரும்பும். பரண்மேல் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்து, சத்தம் கேட்டதும் விளக்கைப் போட்டு, அந்த வெளிச்சத்திலேயே குறிபார்த்துச் சுட வேண்டும். லீவரை இழுத்தால் சத்தம் வரும் என்பதால் முதல் தோட்டா முன்பே உள்ளே இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் எதற்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்களோ, அந்த லீவர் வேகம் இங்கே இரண்டாம் பட்சம். முதல் குண்டுதான் எல்லாம்.

ஏன் என்பதற்கு அவரே எழுதிய ஜவளகிரிக் கதை போதும். 1954இல் வெளிவந்த அவரது முதல் வேட்டைப் புத்தகத்தில் இருக்கிறது. ஜோடியை இழந்து காட்டில் உறுமிக்கொண்டு திரிந்த ஒரு பெண்புலியை ஓர் இளைஞர் சுட்டார். குண்டு பட்டது, புலி சாகவில்லை, காயத்தோடு போய்விட்டது. அதன்பிறகுதான் அது மனிதர்களைக் கொல்ல ஆரம்பித்தது. ஒரு அரைகுறைக் குண்டு. அதற்கு 5 வினாடி அபராதம் கட்டியது சுட்டவர் இல்லை. மாடு மேய்க்கப் போனவர்களும் விறகு பொறுக்கப் போனவர்களும் உயிரைக் கொடுத்துக் கட்டினார்கள். ஆண்டர்சனின் புத்தகங்களைப் படிக்கும்போது புலியைவிட இந்த மாதிரி வேட்டைக்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. அவர் காலத்து வேட்டை மோகத்தையும் நான் நியாயப்படுத்தவில்லை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் முன்பே வந்திருக்கலாம்.

அந்தக் கதைகளில் துப்பாக்கி வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்களும் வருகிறார்கள். அவர்களிடம் இருப்பது வின்செஸ்டர் இல்லை, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் புதுச் சட்டம் வந்தது. இன்றும் உரிமமில்லாமல் துப்பாக்கி செய்வதும், பழுதுபார்ப்பதும், மாற்றி அமைப்பதும் குற்றம்தான். அதனால் ஸ்பிரிங் மாற்றும் ஆசை யாருக்காவது வந்தால் குடைக்கம்பியோடு நிறுத்திக்கொள்ளவும்!

இதையெல்லாம் படித்த கையோடு, ஒரு காமிக்ஸை எடுத்துப்போய் எங்கள் தாத்தாவிடம் காட்டினேன். சித்தேரி மலை அடிவாரத்தில் கடலைக்காட்டுக்குப் பரண் போட்டுக் காவல் இருந்தவர். பன்றி விரட்டத் தகரடப்பா தட்டியது போக, அந்த நாளில் துப்பாக்கி வெடித்தவர்களையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வின்செஸ்டரை ரொம்ப நேரம் பார்த்தார். லீவரைப் பற்றி விளக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டார்:

"ஏண்டா, இதுல மருந்து இடிக்கிற கம்பிய எங்கடா வெச்சிருக்கான்?"