மானிட்டர் புதுசு, கேபிளும் புதுசு... ஆனாலும் 'நோ சிக்னல்' வருதா? லேப்டாப்பில் இதை செக் பண்ணுங்க!

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. லேப்டாப்பின் சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்குதேன்னு ஆசையா ஒரு மானிட்டர் வாங்கி மாட்டுகிறீர்கள். 'நோ சிக்னல்' என்று ஒரு வரி வருகிறது, அப்புறம் கும்மிருட்டு. நேற்றுவரை நன்றாக ஓடிய மானிட்டரும் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆவதுண்டு.

உடனே 'போர்டு போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரங்களில் கோளாறு, லேப்டாப்பின் கிராபிக்ஸ் டிரைவரில்தான் இருக்கும். அதைச் சரிசெய்ய பைசா செலவில்லை. விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் இதே வரிசையில் முயன்று பாருங்கள்.

கோளாறு எந்தப் பக்கம்?

அதே கேபிளையும் மானிட்டரையும் வீட்டு செட்டாப் பாக்ஸில் மாட்டுங்கள். படம் வந்தால் அவை இரண்டும் நலம். மானிட்டர் மெனுவில், நீங்கள் கேபிள் சொருகிய ஹெச்.டி.எம்.ஐ போர்ட்தான் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். டைப்-சி கேபிள் என்றால் கவனம்: எல்லா டைப்-சி போர்ட்டும் படம் அனுப்பாது. சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான்.

அடுத்து, கேபிளைக் கழற்றாமல் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கம்பெனி லோகோ மானிட்டரில் தெரிந்து, விண்டோஸ் வந்ததும் திரை இருண்டால் சந்தேகமே வேண்டாம், டிரைவர் அல்லது செட்டிங்ஸ்தான் காரணம். லோகோ வரவில்லையா? பயப்படாதீர்கள். சில லேப்டாப்களில் அது உள்திரையில் மட்டும்தான் வரும்.

இரண்டு ஷார்ட்கட்

விண்டோஸ் பட்டனுடன் 'பி' (P) அழுத்துங்கள். 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' தேர்வாகியிருந்தால் 'எக்ஸ்டெண்ட்' என மாற்றுங்கள். பாதிப் பிரச்னை இங்கேயே முடிந்துவிடும்.

முடியலையா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி' (B) அழுத்துங்கள். திரை ஒருமுறை கண்சிமிட்டும். டிரைவர் புதிதாகத் தொடங்குகிறது என்று அர்த்தம். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று போய் 'டிடெக்ட்' பட்டனை க்ளிக் செய்யுங்கள்.

டிரைவர் என்ன சொல்கிறது?

ஸ்டார்ட் பட்டனை ரைட் க்ளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதியைப் பாருங்கள்.

1. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், சரியான டிரைவர் ஓடவில்லை. விண்டோஸ் தற்காலிகமாக ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது.

2. பெயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால், அது அணைக்கப்பட்டிருக்கிறது. ரைட் க்ளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள். இன்டெல், என்விடியா என இரண்டு கிராபிக்ஸ் உள்ள சில லேப்டாப்களில் ஹெச்.டி.எம்.ஐ போர்ட் என்விடியாவோடு மட்டும் இணைந்திருக்கும். பேட்டரியை மிச்சப்படுத்த என்விடியாவை அணைத்தால் மானிட்டரும் சேர்ந்தே அணைந்துவிடும். லேப்டாப் திரை இன்டெலில் ஓடுவதால் நமக்குச் சந்தேகமே வராது!

3. அப்டேட்டுக்குப் பிறகு வந்த தொல்லையா? 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டிரைவர்' போய் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். பழைய டிரைவருக்குத் திரும்பிவிடும். அந்த பட்டன் மங்கலாக இருந்தால், பழையது சேமிப்பில் இல்லை.

புது டிரைவர் போடும்போது...

லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே டவுன்லோடு செய்யுங்கள். 'எல்லா டிரைவரையும் அப்டேட் பண்றோம்' என்று விளம்பரத்தில் வரும் ஆப்கள் வேண்டவே வேண்டாம். டவுன்லோடு முடிந்த பிறகே பழைய டிரைவரை 'அன்இன்ஸ்டால்' செய்யுங்கள். உங்கள் போட்டோ, ஃபைல் எதுவும் அழியாது. ஆபீஸ் லேப்டாப் என்றால் கைவைக்கும் முன் ஐ.டி டீமிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் அசையவில்லையா? இனி சர்வீஸ் சென்டர் போகலாம். 'செட்டாப் பாக்ஸ்ல படம் வருது, டிரைவர் மாத்தியாச்சு, லேப்டாப்ல மட்டும் வரலை' என்று விவரமாகச் சொல்லுங்கள். தேவையில்லாத பார்ட்ஸை மாற்றி உங்கள் தலையில் கட்ட முடியாது!