பனையேறிக் கெண்டை

காரைக்காலில் நான் படித்த பள்ளியில், ஒருநாள் 'கிரேம்பே' என்ற பிரெஞ்சு வினைச்சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். ஏறுதல் என்று பொருள். "மீன் பனைமரத்தில் ஏறுகிறது" என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் மீனை அடித்துவிட்டுப் பூனை என்று திருத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பனையேறிக் கெண்டையைப் பற்றிச் சொன்னவர் என் தாத்தா.

அந்த மீனுக்குப் பக்கத்து ஊரான தரங்கம்பாடியிலேயே ஒரு சரித்திரம் உண்டு என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. அப்போது தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையில் இருந்தது. அங்கே லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப், 1791 நவம்பரில் குளக்கரைப் பனை ஒன்றில் ஐந்தடி உயரத்தில் இந்த மீனைக் கையால் பிடித்தாராம். செவுள்மூடியின் முட்களைப் பட்டையில் மாட்டி, வாலை வளைத்து உந்தி ஏறிக்கொண்டிருந்தது என்று எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797இல் அதை அச்சிட்டது. 1816இல் பிரான்சில் இதற்கு வைத்த 'அனபஸ்' என்ற பெயருக்கும் கிரேக்கத்தில் ஏறுவது என்றே பொருள்.

குளம், வாய்க்கால், நெல்வயல், பாசி படிந்த குட்டை இவையே இதன் இருப்பிடம். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் அறை உண்டு. அதில் காற்றை வாங்கி மூச்சுவிடும். நீருக்கு மேலே வரவிடாமல் தடுத்தால் மீனாக இருந்தும் மூச்சுமுட்டிச் சாகும்! கோடையில் ஈரச் சேற்றில் கிடக்கும். மழை பெய்தால் செவுள்மூடியை ஊன்றித் தரையில் நகர்ந்து அடுத்த குளத்துக்குப் போய்விடும்.

சரி, மரம் ஏறுமா? இந்திய விலங்கியல் அறிஞர் பி. கே. தாஸ் 1927இல் ஒரு விளக்கம் சொன்னார். தரையில் நகரும் மீனைக் காக்கையோ பருந்தோ கவ்விக்கொண்டு போய் மரத்தில் போட்டுவிடுகிறது. காற்றைச் சுவாசிப்பதால் அங்கேயும் உயிரோடு கிடக்கிறது. டால்டார்ஃப் பார்த்தது என்னவென்று இனி யாரும் சாட்சி சொல்ல முடியாது.

இதைப் படித்த அன்று தாத்தா சொன்னதை நினைத்துப் பார்த்தேன். மழைக்காலத்தில் ஓலை வெட்ட ஏறியவர், மட்டை இடுக்கிலிருந்து உயிருள்ள மீன் ஒன்றை எடுத்துத் தந்தார் என்றுதான் சொன்னார். ஏறியதைப் பார்த்ததாக அவர் சொல்லவே இல்லை. அது நான் சேர்த்தது.

ஆசிரியர் மீனைப் பூனையாக்கியிருக்க வேண்டாம். வினைச்சொல்லை மாற்றியிருந்தால் போதும்.