ஆர்பத்நாட் வீழ்ச்சியும் மயிலாப்பூரும்

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில், முறிந்துபோன வங்கி ஒன்றின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று கவிஞர் பெருமக்கள் வினவலாம். 1907-இல் பாரதியின் மூன்று தேசப் பாடல்களைப் பதினையாயிரம் படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் யார் என்று தேடப் புகுந்தேன். அந்தத் தேடல்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் கொண்டுவந்து சேர்த்தது.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையின் புகழ்பெற்ற வணிக நிறுவனமான ஆர்பத்நாட் கம்பெனி தன்னால் பணம் தர இயலாது என்று அறிவித்தது. ஆங்கிலேய நிறுவனங்களுள் மிக உறுதியானது எனப் பெயர் பெற்றிருந்தது அது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகச் சேர்ந்த நற்பெயரை நம்பி, ஓய்வூதியம் பெறுவோரும் கைம்பெண்களும் குமாஸ்தாக்களும் அதில் பணம் போட்டிருந்தார்கள். பணம் கொடுத்து ஏமாந்தோர் ஆயிரக்கணக்கினர். வெள்ளையர், இந்தியர் என்ற வேறுபாடு இந்த இழப்பில் இல்லை.

காரணம் சென்னையில் இல்லை. லண்டனில் இருந்த பங்காளி மக்ஃபேடியன், பணத்தை நிச்சயமற்ற வெளிநாட்டு முயற்சிகளில் இறக்கியிருந்தார். வீழ்ச்சி வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னர் அவர் தற்கொலை செய்துகொண்டார். சென்னைப் பங்காளியான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் நகரப் பிரமுகர்; அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆர்பத்நாட் ஒரு கூட்டுக் குடும்பம் போன்ற பங்காளி நிறுவனம். அதன் கணக்கைப் பணம் போட்டவர் கேட்டுப் பார்க்க வழியில்லை. ஆபத்தான முடிவை எடுத்தவர் எங்கோ இருந்தார். அந்த முடிவு எடுக்கப்படுவதையே அறியாதவர் அதற்கு விலை கொடுத்தார். சிறைத் தண்டனையால் ஒரு கைம்பெண்ணின் முதலும் திரும்பி வந்துவிடவில்லை.

இங்கேதான் மயிலாப்பூர் வருகிறது. பணம் இழந்தோர் சார்பில் வழக்காட நின்றவர், அங்கு வாழ்ந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர். வேங்கடரமணா ஆயுர்வேத மருந்தகத்தை 1905-இலும், சமஸ்கிருதக் கல்லூரியை 1906-இலும் மயிலாப்பூரில் நிறுவியவர் அவரே. வழக்காடுவதோடு அவர் நின்றிருந்தால் நமக்கு இந்தக் கட்டுரை இல்லை. வீழ்ச்சி நிகழ்ந்த சில வாரங்களுக்குள், இந்தியர் பணத்தை இந்தியரே காக்கும் வங்கி ஒன்று வேண்டும் என்று நண்பர்களுடன் சேர்ந்து வேண்டுகோள் விடுத்தார். நகரத்தார் முன்வந்தனர். 1907 மார்ச்சில் பதிவான இந்தியன் வங்கி, ஆகஸ்டு 15-இல் வேலையைத் தொடங்கியது. இது பங்காளிகளின் தனிச்சொத்தன்று. பங்குதாரர்களும் இயக்குநர்களும் கொண்ட கம்பெனி. (தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானதும் அதே 1906 அக்டோபரில்தான் என்பதை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.)

ஆர்பத்நாட் வீழ்ந்ததனால் இந்தியன் வங்கி பிறந்தது என்று எழுதுவோர் பலர், தீமையிலும் நன்மை என்ற தொனியில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இழந்தவர் கணக்கு வேறு, பயன்பெற்றவர் கணக்கு வேறு. 1932-இல் கொழும்பிலும் 1941-இல் சிங்கப்பூரிலும் அந்த வங்கி கிளை திறந்தபோது அங்கு வணிகம் செய்த தமிழருக்கு வசதி பிறந்தது. அதனால் 1906-இல் வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்த முதியவருக்கு என்ன வந்தது? மேலும், அந்த நன்மையை ஆர்பத்நாட்டின் பங்காளிகள் விளைவிக்கவில்லை. மற்றொரு கூட்டத்தார் தம் பணத்தையும் பெயரையும் முன்வைத்து எடுத்த மற்றொரு முடிவு அதை விளைவித்தது.

பாரதிக்குத் திரும்புகிறேன். கிருஷ்ணஸ்வாமி ஐயர் மிதவாதி. பாரதி தீவிரவாதிகளின் பக்கம். அரசியலில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆயினும் பாடல்களைக் கேட்டு நெகிழ்ந்து, தம் செலவில் அச்சிட்டார். வங்கிக்குப் பங்கு சேர்த்த ஆண்டும் பாட்டை அச்சேற்றிய ஆண்டும் ஒன்றே. வங்கியில் இட்டது திரும்பி வரும் முதல். பாட்டுக்கு இட்டது வராத முதல். இரண்டையும் அவர் ஒரே கையால் செய்தார்.

1911 டிசம்பர் 28-இல் அவர் மறைந்தபோது வயது நாற்பத்தெட்டு, வங்கிக்கு நான்கு. பாரதி அப்போது புதுச்சேரியில் இருந்தார்.