பெயர்கள் மாறின, ஊர் மாறவில்லை

வெளிநாட்டில் வாழும் நம் ஊர்க்காரர் ஒருவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால், "செஞ்சிப் பக்கம், மேல்மலையனூர்" என்பார். எந்த மாவட்டம் என்றால், முதியவர் "தென்னாற்காடு" என்பார். இளைஞர் "விழுப்புரம்" என்பார். இருவரும் சொல்வது தம் சொந்த மண்ணையே.

1801ஆம் ஆண்டு கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றபின் உருவானது தென்னாற்காடு மாவட்டம். 1993 செப்டம்பர் 30 அன்று அதிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும் பிரிந்தது. செஞ்சி வட்டத்தைச் சேர்ந்திருந்த மேல்மலையனூர் இன்று தனி வட்டமாக உள்ளது.

எல்லைகளைப் போலவே பெயர்களும் மாறின. 1649இல் செஞ்சிக் கோட்டையை வென்ற பீஜப்பூர் சுல்தானியர் அதற்குப் 'பாதுஷாபாத்' என்று பெயரிட்டனர். 1677இல் அது சிவாஜியின் வசமாயிற்று. நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயத் தளபதி சுல்பிகார்கான் அதைக் கைப்பற்ற, அவரது 'நுஸ்ரத் ஜங்' என்னும் பட்டத்தையொட்டி 'நுஸ்ரத்கத்' என்றாயிற்று. அப்பெயர்களெல்லாம் ஏடுகளோடு நின்றன. உழுதவரும் சந்தைக்குச் சென்றவரும் 'செஞ்சி' என்றே வழங்கினர், அதுவே நிலைத்தது.

1714இல் தேசிங்கு ராஜனை வென்ற சாதத்துல்லாகானின் பெயர் தாங்கிய பள்ளிவாசல் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. தோற்ற தேசிங்கையும், அவனுக்காக மணக்கோலத்திலேயே போருக்கு எழுந்த முஸ்லிம் நண்பனையும் மக்கள் கதைப்பாடலில் வாழவைத்தனர். இரண்டும் நம் மண்ணின் உடைமையே. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற 12 மராத்தியர் காலக் கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே.

ஜமாஅத் பெருமக்களே! ஊர்ப்பற்று வெறும் ஏக்கமன்று. 1993க்கு முந்தைய நிலப்பத்திரங்களில் 'தென்னாற்காடு ஜில்லா, செஞ்சி தாலுகா' என்றே காண்கிறோம். அப்பெயர்களை அறியாத பிள்ளை, தன் பாட்டனாரின் பத்திரத்தையும், வக்ஃப் நிலத்தின் ஆவணத்தையும் அயலூராருடையது என்று எண்ணி ஒதுக்கிவிடக்கூடும். எந்த வரப்பு எதுவரை, எந்தக் கிணறு யாருக்குப் பொது என்பன போன்ற பல செய்திகள் பெரியவர்களின் நினைவில் உள்ளன. அவர்கள் மறைந்தால் அவற்றுள் பலவும் மறையக்கூடும்.

எனவே, ஒவ்வொரு குடும்பமும் பெரியவர்களிடம் கேட்டு ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றின் பழைய பெயர்களையும் புதிய பெயர்களையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டுகிறோம். அரசுகள் பெயரை மாற்றலாம். நம் ஊரை நாம் மறவாதிருப்போமாக.