பின்லாந்தின் பழைய துப்பாக்கிகள்

நேயர்களே, நாடுகளின் வரலாற்றை அறிய நாம் நூல்களைப் புரட்டுகிறோம்; கல்வெட்டுகளைப் படிக்கிறோம். ஒரு துப்பாக்கியைக் கழற்றி, மரக்கட்டைக்குள் மறைந்திருக்கும் ஆண்டைப் படித்து வரலாறு அறிவோரும் உலகில் இருக்கிறார்கள். பின்லாந்துப் படை பயன்படுத்திக் கழித்த ரைபிள்களைத் தேடிப் பிடித்துச் செப்பனிடும் சேகரிப்பாளர்களைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் பெருங்குற்றம் என்பதை நேயர்கள் அறிவீர்கள். ஆகவே இது கையால் செய்து பார்ப்பதற்கான பாடம் அன்று. காதால் கேட்டு அறிவதற்கான செய்தி.

பின்லாந்து 1809ஆம் ஆண்டு முதல் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த நாடு. ரஷ்யப் படை 1891இல் ஒரு ரைபிளை ஏற்றுக்கொண்டது. மோசின் என்ற ரஷ்ய அதிகாரியின் பெயரையும் நகான் என்ற பெல்ஜியக் குடும்பத்தின் பெயரையும் சேர்த்து அதனை மோசின்-நகான் என்று அழைப்பர். பின்லாந்து 1917 டிசம்பர் 6ஆம் நாள் விடுதலையை அறிவித்தது. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. நாட்டில் தங்கியிருந்த ரஷ்யக் காவற்படைகளிடமிருந்து பறித்த மோசின் ரைபிள்கள்தாம் புதிய நாட்டின் முதற்கருவிகளாயின. வேறு நல்ல ரைபிளை வாங்கலாமே என்று நாம் கேட்கலாம். வாங்கக் காசு வேண்டுமே! இருப்பதைக் கொண்டு காலம் தள்ளுவது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இங்கேதான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. ரைபிளின் குழலைத் தாங்கி, தோட்டாவைச் செலுத்தும் போல்ட்டைத் தன்னுள் கொண்டிருக்கும் இரும்பு உடலை ரிசீவர் என்பர். பின்லாந்து எத்தனையோ வகை மோசின் ரைபிள்களைச் செய்தது. ஆனால் அவற்றுக்கான ரிசீவரை மட்டும் தானாகச் செய்யவில்லை. போரில் பறித்தவை, முதல் உலகப் போருக்குப் பின் பிற ஐரோப்பிய நாடுகளிடம் மலிவாக வாங்கியவை ஆகியவற்றின் ரிசீவர்களை எடுத்து, அவற்றின் மேல் புதிய குழலும் புதிய கட்டையும் பொருத்தியது. ரஷ்யாவின் துலா நகரில் பிறந்த ஒரு ரைபிள், முதல் உலகப் போரில் ஆஸ்திரியர் கையில் சிக்கி அவர்களுடைய முத்திரையைப் பெற்று, பிறகு பின்லாந்துக்கு வந்து அந்நாட்டு முத்திரையையும் பெற்றிருக்கும். மூன்று நாடுகளின் கதை ஒரே இரும்பில்!

ஊர்காவற்படை என்று நாம் சொல்லக்கூடிய தன்னார்வப் படை ஒன்றும் அங்கே இருந்தது. வழக்கமான இராணுவத்துக்கும் அதற்கும் ரைபிள் விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. இராணுவம் எம்-27 என்ற வகையை ஏற்றது. ஊர்காவற்படையோ எம்-28, பின்னர் எம்-28-30 என்று தன் வழியில் சென்றது. சிறிய நாட்டில் இரண்டு அடுப்பு எதற்கு என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்தப் போட்டியால் ரைபிள் மேம்பட்டது என்பதையும் மறுக்க முடியாது. ஊர்காவற்படையின் பட்டறையாகத் தொடங்கியதே, இன்று வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பெயர்பெற்ற சாக்கோ நிறுவனம். 1939 நவம்பர் 30இல் சோவியத் படை எல்லையைக் கடந்தபோது, நாற்பது லட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட நாடு 105 நாள் தாக்குப்பிடித்தது. சிமோ ஹைஹா என்னும் விவசாயி, தொலைநோக்கி பொருத்தாத எம்-28-30 ரைபிளைக் கொண்டே அப்போரில் பெயர் பெற்றார். இரு படைகளும் கூடி முடிவு செய்த எம்-39 என்ற வகை பெரும்பாலும் அடுத்து வந்த போர் ஆண்டுகளில்தான் செய்யப்பட்டது. மொத்தம் சுமார் ஒரு லட்சம்.

1944இல் சோவியத்துடன் போர்நிறுத்தம் ஏற்பட்டதும் ஊர்காவற்படை கலைக்கப்பட்டது. போருக்குப் பின்னர் இந்த ரைபிள்கள் கிடங்குகளுக்குள் சென்றன. 1950களிலும் 60களிலும் அமெரிக்க வணிகர்கள் அவற்றைக் கட்டுக்கட்டாக வாங்கிச் சென்று மலிவு விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்களிற் பலர் கட்டையை அறுத்துக் குட்டையாக்கி மான் வேட்டைக்குக் கொண்டுபோனார்கள். இன்று சேகரிப்பாளர்கள் அதை எண்ணிப் பெருமூச்சு விடுகிறார்கள். 1968ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இறக்குமதியை நிறுத்தியது. 1980களின் நடுவில் தடை தளர்ந்து, மறுபடியும் வரத் தொடங்கின.

தேடுவோர் முதலில் பார்ப்பது முத்திரைகளை. கட்டத்துக்குள் எஸ்.ஏ. என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் அது பின்லாந்துப் படையின் உடைமை. 1942 முதல் இடப்பட்ட குறி அது. எஸ் என்ற எழுத்தின் மேல் மூன்று ஊசியிலைக் கிளைகள் இருந்தால் ஊர்காவற்படையுடையது. குழலில் டி என்ற எழுத்து இருந்தால், கனமான குண்டு கொண்ட டி-166 தோட்டாவுக்கு ஏற்ப அது திருத்தப்பட்டது என்று பொருள். முன்கட்டை இரு துண்டுகளாக, கைவிரல்களைக் கோத்தது போல் இணைக்கப்பட்டிருக்கும். புதியவர்கள் இதைக் கண்டு, உடைந்ததை யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்று விலையைக் குறைத்துக் கேட்பதுண்டு. உண்மையில் அது பின்லாந்துத் தச்சரின் அடையாளம்.

கட்டையைக் கழற்றினால்தான் ரிசீவரின் அடியில் வாலில் பொறித்த ஆண்டு தெரியும். குழலில் 1942 என்று இருக்கும். அடியில் 1896 என்று இருக்கும். அமெரிக்கச் சட்டப்படி 1898இலோ அதற்கு முன்போ செய்தது பழம்பொருள். ஆகவே போர்க்காலத்தில் உருவான ரைபிள் சட்டத்தின் கண்ணில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழம்பொருளாகிவிடுகிறது! சேகரிப்பாளர்கள் அந்தச் சிறிய எண்ணைத் தேடுவதில் காட்டும் ஆவலை இப்போது புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது செப்பனிடும் வேலை. கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டியான கிரீஸ் மரத்துக்குள் ஊறியிருக்கும். கட்டையைக் கறுப்புப் பையில் சுற்றி வெயிலில் வைத்தால் அது கசிந்து வரும். துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். நம் வெயிலாக இருந்தால் அரை நாளில் முடியும் வேலை. மரத்தில் அமுங்கிய பள்ளத்தின் மேல் ஈரத்துணியை விரித்துச் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் நார் உப்பி மேலே வரும். அந்தக் காலத் தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்து எரிந்தபின் குழலில் ஒருவகை உப்பை விட்டுச் செல்லும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெயால் அந்த உப்பு போகாது. கொதிநீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் பூச வேண்டும்.

செய்யக்கூடாத வேலைகள்தாம் முக்கியம். முதல் எதிரி உப்புத்தாள். பழைய கட்டையைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், முத்திரையும் போய்விடும், எந்தச் சிப்பாயோ கத்தியால் கீறிவைத்த பெயரும் தேதியும் போய்விடும். பளபளக்கும் வார்னிஷ் அதைவிடக் கேடு. தாரும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து பூசுவதே சேகரிப்பாளர் பலரின் வழக்கம். பைன் மரத்திலிருந்து தார் இறக்கி உலகுக்கு விற்ற நாடல்லவா அது! இன்னொன்றும் உண்டு. ரிசீவருக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய பித்தளைத் தகடுகள் சில ரைபிள்களில் இருக்கும். கழற்றும்போது விழும் அவற்றைக் குப்பை என்று வீசிவிடுகிறார்கள். இரும்பு மரத்தில் ஆடாமல் அமர்ந்து குண்டு குறி தவறாமல் போவதற்காகப் பின்லாந்துப் படையின் பட்டறைக்காரர் அளந்து வைத்த தகடுகள் அவை. அவற்றை வீசினால், அவர் செய்த வேலையையே வீசியதாகும்.

இந்த ரிசீவர்களின் வேலை போரோடு முடிந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. 1980களின் நடுவில் பின்லாந்துப் படைக்கு நெடுந்தூரம் குறிபார்த்துச் சுடும் புதிய ரைபிள் ஒன்று தேவைப்பட்டது. கிடங்கில் கிடந்த பழைய மோசின் ரிசீவர்களை வெளியே எடுத்து, புதிய கனமான குழலும் தொலைநோக்கியும் பொருத்தினார்கள். சார் மன்னர் காலத்து இரும்பு, 85 என்ற எண்ணைப் பெயராகச் சூடி மறுபடியும் படையில் சேர்ந்தது.